எளிய டெஸ்க்டாப்பும் பழகிய கையும்

இடக்கைச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் கேப்ஸ் லாக் என்று ஒரு விசை இருக்கிறதே, எனக்கு அது எப்போதும் கண்ட்ரோல் விசைதான். புதுக் கணினி எது கைக்கு வந்தாலும் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. 2018இல், லினக்ஸ் கணினிகளில் திரைமுகப்பாக ஓடும் க்னோம் டெஸ்க்டாப்புக்குத் திரும்பி வந்த அன்று, அமைப்புகள் பெட்டியில் விசைப்பலகைப் பக்கத்தைத் திறந்து மேலும் கீழுமாகத் தேடினேன். குறுக்குவிசைகள் இருந்தன. கேப்ஸ் லாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழகியவனுக்கு இங்கே இடமில்லை போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே மூடினேன். அந்த முடிவு தவறு என்று புரிய எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

"திரும்பி வந்த" என்று சொன்னேன். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வெளியானபோது ஓடிப்போனவர்களில் நானும் ஒருவன். க்னோம் 2இல் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. இரண்டிலும் எனக்கு வேண்டியதை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். புதிய பதிப்பில் கீழ்ப்பட்டை காணவில்லை. சாளரத்தின் தலையில் இருந்த சிறிதாக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் காணவில்லை. அதே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலில் யூனிட்டி என்ற வேறொரு டெஸ்க்டாப் வந்தது. அந்தக் காலத்து மனக்கசப்பிலிருந்துதான் மேட்டே, சின்னமன் என்ற மாற்று டெஸ்க்டாப்புகள் பிறந்தன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஈ என்ற டெஸ்க்டாப் பக்கம் போனார். பிறகு அவரும் க்னோமுக்கே வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் நாங்கள் யாரும் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

திரும்பி வந்த நான் செய்த முதல் காரியம், இடிந்துபோன பழைய வீட்டை அதே இடத்தில் மறுபடி கட்டப் பார்த்தது. கீழ்ப்பட்டைக்கு ஒரு நீட்சி (க்னோமில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்), பழைய பட்டியலுக்கு ஒரு நீட்சி, பணியிடங்களை (சாளரங்களைப் பிரித்து வைக்கும் தனித்தனித் திரைகளை) மேலிருந்து கீழாக இரண்டு வரிசையில் காட்ட ஒரு நீட்சி, கடிகாரத்தை வலப்பக்கம் தள்ள இன்னொன்று. ஒரு கட்டத்தில் எண்ணிப் பார்த்தால் 17. திரை என்னவோ 2010ஆம் வருடத்துத் திரையைப் போலவே இருந்தது. அதில் ஒரு பெருமையும் இருந்தது.

2021இல் க்னோமின் பதிப்பு எண் 3.38இலிருந்து நேராக 40க்குத் தாவியது. பணியிடங்கள் கிடைமட்டமாகின, திறந்திருக்கும் சாளரங்களை எல்லாம் சேர்த்துக் காட்டும் மேலோட்டத் திரையின் கட்டமைப்பே மாறியது. மேம்படுத்திய பிறகு பார்த்தால் என் நீட்சிகளில் பாதி, "இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது" என்று முடங்கிக் கிடந்தன. இங்கேதான் அனுபவசாலி என்ற நினைப்பு வேலையைக் காட்டியது. நீட்சியின் பதிப்பு எண்ணைச் சரிபார்க்காதே என்று சொல்லும் ஒரு சாவி (ஓர் அமைப்பின் உள்பெயர்) ஆழத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைத் திருப்பிவிட்டு, வெளியேறி, மறுபடி உள்நுழைந்தேன். கடவுச்சொல் போட்டேன். பின்புலப் படம் வந்தது. சுட்டி நகர்ந்தது. அவ்வளவுதான், வேறெதுவும் வரவில்லை. மேற்பட்டை இல்லை, சூப்பர் விசைக்கு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) பதில் இல்லை. மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டிய வேலை ஒன்று அந்தப் படத்துக்குப் பின்னால் எங்கோ கிடந்தது.

இப்படி மாட்டிக்கொள்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் எழுத்து முனையம் வரும். அதில் அதே பயனர் பெயரில் நுழைந்து, அமைப்புகளை மாற்றும் ஜிசெட்டிங்ஸ் கட்டளையால், க்னோமின் திரையை நடத்தும் நிரலான க்னோம் ஷெல்லின் கீழ் உள்ள டிசேபிள்-யூசர்-எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற சாவியை "ட்ரூ" ஆக்கினால் போதும், நீட்சிகள் எல்லாம் ஒரே மூச்சில் அணைந்துவிடும். கட்டளை ஞாபகத்துக்கு வராவிட்டால் இன்னும் முரட்டு வழி ஒன்று இருக்கிறது. வீட்டு அடைவுக்குள் புள்ளியில் தொடங்கும் லோக்கல் அடைவு, அதற்குள் ஷேர், அதற்குள் க்னோம்-ஷெல் அடைவு. அங்கே உள்ள எக்ஸ்டென்ஷன்ஸ் அடைவின் பெயரை மாற்றிவிடுங்கள். தேடுகிறபோது கிடைக்காததை ஷெல் ஏற்ற முடியாது. நான் முதல் வழியில் செய்து, கணினியை மறுதொடக்கம் செய்தேன். வெறும் க்னோம் வந்தது. இரவு பதினொன்றரைக்கு அதைப் பார்த்தபோது, பத்து வருடமாகத் திட்டிய முகம் அழகாகவே தெரிந்தது.

இதில் நீட்சி எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. க்னோம் ஷெல்லின் நீட்சி, உலாவியில் போடும் நீட்சி மாதிரி இல்லை. உலாவியில் நீட்சிக்கென்று வரையறுத்த ஒரு வாசல் இருக்கிறது. அதன் வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். இங்கே நீட்சி என்பது ஷெல்லின் உயிரோட்டத்துக்குள்ளேயே நுழைந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறுகளைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதை வைக்கிற ஒட்டு. மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. உள்ளே ஒரு செயற்கூறின் பெயர் மாறினாலும் ஒட்டு பிய்ந்துவிடும். 2023 செப்டம்பரில் வந்த 45ஆம் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஏற்றும் முறையே மாறியதால், பழைய நீட்சி ஒன்றுகூட அப்படியே ஓடவில்லை. அதோடு, சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலண்டில் ஷெல்தான் எல்லாச் சாளரங்களையும் திரையில் வரைகிற நிரல். ஒரு நீட்சியால் அது விழுந்தால், திறந்திருக்கும் எல்லாமே அதோடு போகும். அதற்கு முந்தைய முறையான எக்ஸ்11இல் ஆல்ட்-எஃப்2 அழுத்தி, ஆர் என்று ஓர் எழுத்துப் போட்டு ஷெல்லை மட்டும் மீண்டும் தொடங்க முடிந்தது. வேலண்டில் அந்த வசதி இல்லை.

இப்போது நீட்சி போடுவதற்கு முன் ஒன்று மட்டும் பார்க்கிறேன்: இது எதையாவது சேர்க்கிறதா, இருப்பதை மாற்றுகிறதா? மூலையில் ஒரு சின்னத்தைச் சேர்க்கிற நீட்சி பல பதிப்புகள் தாக்குப்பிடிக்கும். மேலோட்டத் திரையையோ பணியிடங்களையோ மாற்றியமைக்கிற நீட்சிக்கு ஆயுள் ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளலாம். என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. 3.26இல், பின்னணியில் ஓடும் செயலிகளின் பழைய தட்டுச் சின்னங்கள் நீங்கிய பிறகு அவற்றைக் காட்டுகிற ஆப்இண்டிகேட்டர் ஒன்று. குறிப்பிட்ட செயலியைக் குறிப்பிட்ட பணியிடத்தில் திறக்கச் சொல்லும் ஆட்டோ மூவ் விண்டோஸ் மற்றது. இரண்டாவது, க்னோம் குழுவே பராமரிக்கும் தொகுப்பில் உள்ளது.

அந்த இரவுக்குப் பிறகு இரண்டு வாரம் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். கேப்ஸ் லாக்கைக்கூட. மேசையில் ஒரு சிறிய நோட்டை வைத்து, கை ஒன்றைத் தேடிப் போய் ஏமாறும்போதெல்லாம் அதன் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டேன். வேலைக்கு நடுவே நோட்டில் கோடு போடுவது எரிச்சலான காரியம்தான். ஆனால் வேறெந்த வழியிலும் இந்த விவரம் எனக்குக் கிடைத்திருக்காது. சிறிதாக்கும் பொத்தானுக்காகப் பத்து வருடம் சண்டை போட்டவன் நான். இரண்டு வாரத்தில் அதற்கு விழுந்தவை 3 கோடுகள். கீழ்ப்பட்டைக்கு 5. பழைய பட்டியலுக்கு ஒன்றுகூட இல்லை. செயலியின் பெயரில் இரண்டு எழுத்தை அடித்து என்டர் தட்டும் பழக்கம் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. மாறாக, சாளரம் விட்டுச் சாளரம் தாவும் ஆல்ட்-டேப்புக்கு ஒரு பக்கம் நிரம்பியது. பணியிடம் மாறுவதற்கு 40க்கு மேல். கேப்ஸ் லாக்குக்கு முதல் நாள் மாலையே எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கண்ணுக்கு வேண்டியதற்காக நீட்சிகளைச் சுமந்திருக்கிறேன், கைக்கு வேண்டியதை விட்டுவிட்டேன் என்பதுதான் அந்த நோட்டின் சாரம். இன்னொன்றும் தெரிந்தது. கை கேட்டவற்றில் ஏறக்குறைய எல்லாமே க்னோமுக்குள் ஏற்கெனவே இருந்தன. அமைப்புகள் பெட்டியில் அவற்றைக் காட்டவில்லை, அவ்வளவுதான். டிகான்ஃப் என்ற தரவுக்கிடங்கில் நூற்றுக்கணக்கான சாவிகள் இருக்கின்றன. பெட்டி காட்டுவது அவற்றில் கொஞ்சம். ட்வீக்ஸ் செயலி இன்னும் கொஞ்சம் காட்டும். மீதிக்கு ஜிசெட்டிங்ஸ் கட்டளைதான். அதில் "டிஸ்க்ரைப்" என்று கேட்டால் ஒரு சாவி எதற்கு என்று சொல்லும். "ரேஞ்ச்" என்று கேட்டால் அதில் என்னென்ன மதிப்புகள் போடலாம் என்று சொல்லும். "ரீசெட்" என்றால் இயல்பு நிலைக்குப் போய்விடும். பதிப்பு மாறினாலும் இந்தச் சாவிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒன்றிரண்டு மறைந்துபோனாலும் திரை கறுத்துப்போவதில்லை.

கேப்ஸ் லாக்குக்கான சாவியின் பெயர் எக்ஸ்கேபி-ஆப்ஷன்ஸ். அதில் "கண்ட்ரோல்:நோகேப்ஸ்" என்ற விருப்பத்தைப் போட்டேன். மூன்று வருடத்துக் குறை அரை நிமிடத்தில் தீர்ந்தது. தீர்ந்த அன்றே வேறொன்று கெட்டது. வல ஆல்ட்டை, சிறப்பெழுத்துகளைக் கூட்டி எழுதும் கம்போஸ் விசையாக முன்பே வைத்திருந்தேன், அது செத்துப்போயிற்று. காரணம் எளியது. அந்தச் சாவியின் மதிப்பு ஒரு பட்டியல். புதிதாக எழுதினால் பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதியது வரும், கூடச் சேராது. ஆகவே பட்டியல் வகைச் சாவி எதுவானாலும் முதலில் "கெட்" போட்டு இருப்பதைப் படித்து, அதோடு சேர்த்தே எழுதவேண்டும். ஜிசெட்டிங்ஸில் புதியவர்கள் பழையவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது விழும் குழி இது.

பணியிடங்கள் கொஞ்சம் வேலை வாங்கின. க்னோமில் பணியிடங்கள் தேவைக்கு ஏற்பத் தாமே முளைத்துத் தாமே மறையும். எனக்கு அது ஒத்துவராது. முனையம் எப்போதும் ஒன்றில், உலாவி இரண்டில், அஞ்சல் மூன்றில், எழுத்து வேலை நான்கில் இருக்கவேண்டும். எண்ணிக்கையை நான்கு என்று நிலைப்படுத்துவதற்கு 41ஆம் பதிப்பிலிருந்து அமைப்புகள் பெட்டியிலேயே பல்பணிப் பக்கத்தில் இடம் வந்துவிட்டது. அடுத்து சூப்பர்-1 அழுத்தினால் முதல் பணியிடம், சூப்பர்-2க்கு இரண்டாவது என்று குறுக்குவிசை வைத்தேன். கட்டளை எந்த முறையீடும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. சூப்பர்-2 அழுத்தினேன். அஞ்சல் செயலி திறந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அஞ்சல். எழுத்துப் பிழையோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். பிழை இல்லை.

கடைசியில் எல்லாச் சாவிகளையும் வரிசையாகக் கொட்டச் சொல்லி, அதில் சூப்பர்-2 வரும் வரிகளை மட்டும் வடிகட்டினேன். இரண்டு வரிகள் வந்தன. ஒன்று நான் எழுதியது. மற்றது ஷெல்லுக்கே உரிய ஸ்விட்ச்-டூ-அப்ளிகேஷன்-2, அதாவது பிடித்தமான செயலிகள் வரிசையில் இரண்டாவதைத் திற என்ற கட்டளை. ஒரே விசைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பற்றி ஜிசெட்டிங்ஸ் வாயே திறக்காது. ஷெல்லின் அந்தச் சாவிகளுக்கு வெற்றுப் பட்டியலைக் கொடுத்ததும் எண்கள் என் வசமாயின. இயல்பிலேயே டாக் (செயலிச் சின்னங்கள் நிற்கும் பட்டை) வைத்து வரும் வழங்கல்களில் அந்த டாக்கும் தன் பங்குக்கு எண் விசைகளைப் பிடித்து வைத்திருக்கும். அதையும் அணைக்கவேண்டும்.

ஆல்ட்-டேப் சுலபம். இயல்பாக அது செயலிகளுக்கு இடையே தாவும். ஒரே செயலியின் நான்கு சாளரங்களை ஒரு சின்னமாகக் கட்டிவைத்துவிடும். குறுக்குவிசைப் பக்கத்திலேயே "சாளரங்களை மாற்று" என்பதற்கு ஆல்ட்-டேப்பைக் கொடுத்தால் பழைய வழக்கம் திரும்பிவிடும். கூடவே அசைவூட்டங்களையும் அணைத்தேன். கணினி வேகமாகவில்லை. ஆனால் பணியிடம் மாறும்போது திரை வழுக்கிக்கொண்டு வருவதற்காகக் காத்திருக்கும் அந்தக் கணம் இல்லாமல் போனதும், நாள் முழுக்க யாரோ தோளைத் தட்டிக்கொண்டிருந்தது நின்றாற்போல் இருந்தது.

இரு மொழியில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு தனி விஷயம். ஓரிடத்தில் தமிழ்99 விசைப்பலகையில் எழுதிக்கொண்டிருந்துவிட்டு முனையத்துக்குத் தாவி, அடைவில் உள்ளதைக் காட்டச் சொல்லும் எல், எஸ் என்ற இரண்டு விசைகளைத் தட்டினால் "தி" என்று வரும். என்டர் தட்டினால் "தி" என்றொரு கட்டளை இல்லை என்று கணினி பதில் சொல்லும். ஒரு நாளில் இது பத்து முறை நடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு மொழி என்ற தெரிவு விசைப்பலகைப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் போட்ட பிறகு முனையம் தன் மொழியை மறப்பதில்லை.

தேடலுக்குக் கைவைத்தியம் ஒன்று போதுமானதாக இருந்தது. சூப்பர் விசையைத் தட்டி இரண்டு எழுத்து அடித்தால் செயலிகளோடு கோப்புகள், தொடர்புகள், நாள்காட்டி எல்லாம் கலந்து வரும். அமைப்புகளில் தேடல் பக்கத்தில் செயலிகள் தவிர மற்றதை எல்லாம் அணைத்தேன். நான் ஒருபோதும் திறக்காத செயலிகளின் .டெஸ்க்டாப் கோப்புகளை (செயலியைப் பட்டியலில் சேர்க்கும் விவரக்கோப்புகளை) வீட்டு அடைவுக்குள் நகலெடுத்து, "நோடிஸ்ப்ளே" வரியை "ட்ரூ" ஆக்கினேன். செயலி நீங்கவில்லை, பட்டியலில் முகம் காட்டாது. மூலக்கோப்பைத் தொடக்கூடாது; அடுத்த மேம்படுத்தல் அதன் மேல் எழுதிவிடும்.

விட்டுக்கொடுத்தவையும் உண்டு. கோப்பு மேலாளரில் எழுத்தை அடித்தால் அந்தப் பெயருள்ள கோப்புக்குத் தாவும் வசதி 3.6இலேயே போய்விட்டது, இப்போது தேடல்தான் தொடங்கும். அதற்குச் சாவி எதுவும் இல்லை. நெமோ என்ற வேறொரு கோப்பு மேலாளரை நிறுவி அடைவுகளை அதில் திறக்கச் செய்தேன், ஆனால் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி பழையபடியேதான். விசைகளை மாற்றும் எக்ஸ்மாட்மேப், விசைகளைத் தானே அழுத்தும் எக்ஸ்டூடூல் இரண்டையும் நம்பி எழுதிய என் பழைய நிரல்கள் வேலண்டில் செத்தவை செத்தவைதான். தோற்றத்துக்கான தீம்களை அடியோடு விட்டேன். 2019இல் க்னோம் செயலிகளை எழுதுவோர் சிலர், எங்கள் செயலிகளுக்குத் தீம் போடாதீர்கள் என்று வழங்கல்களுக்குப் பொதுக்கடிதம் எழுதியபோது எரிச்சல்தான் வந்தது. 2022இல் க்னோம் செயலிகள், தோற்றத்தைத் தன்னோடு கொண்டுவரும் லிப்அட்வைட்டா என்ற நிரலகத்துக்கு மாறத் தொடங்கிய பிறகு கடிதத்துக்கே அவசியம் இல்லாமல் போயிற்று. இன்றும் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றை எழுதி வைத்தால் நிறம் மாறும். மாற்றி எனக்கு ஆகப்போவது என்ன என்று யோசித்தேன். நோட்டில் நிறத்துக்கு ஒரு கோடும் விழவில்லை.

இத்தனை மாற்றங்களையும் எப்படிக் காப்பது? டிகான்ஃபின் கோப்பை அப்படியே நகலெடுக்கலாம். ஆனால் அது எழுத்துக் கோப்பு இல்லை என்பதால் எது மாறியது என்று திறந்து பார்க்க முடியாது. "டம்ப்" என்று கேட்டால் எழுத்தாகக் கொட்டும். அதில் போன வாரம் எந்தச் சாளரம் எத்தனை அகலத்தில் இருந்தது என்பது வரை எல்லாக் குப்பையும் இருக்கும். நான் முனையக் கட்டளைகளை அடுக்கிய ஒரே ஒரு நிரல் வைத்திருக்கிறேன். ஒரு வரிக்கு ஒரு மாற்றம், ஒவ்வொன்றின் தலையிலும் தமிழில் ஒரு காரணம். "எண் விசைகளை ஷெல்லிடமிருந்து பிடுங்க" என்று ஒன்று. "கம்போஸையும் சேர்த்தே எழுது, மறக்காதே" என்று ஒன்று. காரணம் எழுத வராத மாற்றத்தைச் சேர்ப்பதில்லை. பெட்டியில் சுட்டியால் ஒன்றை மாற்றும்போது அது எந்தச் சாவி என்று தெரியவேண்டுமா? முனையத்தில் டிகான்ஃபை "வாட்ச்" என்று ஓடவிட்டு மாற்றுங்கள், மாறும் சாவியின் பெயர் அங்கேயே வந்து விழும். அதை நிரலில் ஒட்டிக்கொள்ளலாம். அண்மையில் புதுக் கணினியில் ஓட்டியபோது 31 வரிகளில் இரண்டு மட்டும் "அப்படி ஒரு சாவி இல்லை" என்றன. ஒன்றின் பெயர் மாறியிருந்தது, திருத்தினேன். மற்றதன் காரணத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வரியையே அழித்தேன்.

இன்னும் ஒன்று. ஒரு நாள் அவசரத்துக்கு என் கணினியில் உட்கார்ந்த இளம் நண்பர் ஒருவர் கேப்ஸ் லாக்கை நாலைந்து முறை தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்கள் கீபோர்டு பழுதாகிவிட்டதா?" என்று கேட்டார். அன்றே, எதையும் மாற்றாத இயல்பு அமைப்பில் இரண்டாவது பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். விருந்தாளிகளுக்காகத் தொடங்கியது எனக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. ஏதாவது தகராறு செய்தால் முதலில் அதில் நுழைந்து பார்க்கிறேன். அங்கே ஒழுங்காக ஓடினால் கோளாறு என் 31 வரிகளில் எங்கோ இருக்கிறது. போன வாரம் கோப்பு மேலாளர் திறக்க எட்டு விநாடி எடுத்தது. நிரலைத் திறந்து ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படித்துவிட்டு, பிறகுதான் நினைவு வந்து அந்தக் கணக்கில் நுழைந்தேன். அங்கேயும் எட்டு விநாடிதான். எப்போதோ கழற்றிப்போட்ட பிணைய வட்டு ஒன்றின் பெயர் தொடக்கப் பட்டியலில் இன்னும் இருந்திருக்கிறது. அதை நீக்கினேன். 31 வரிகளில் எதையும் தொடவில்லை.